நோவும் பதகளிப்பும்

விழா மலர்களிலே பழைய நாட்களின் இனிமையை எழுதுவதே வழக்கம். கல்லூரி மணியோசையும், விளையாட்டிடத்து வெற்றிகளும், ஆசிரியர்களின் பிரம்பும் பரிவும் இம்மலரிலும் தக்க இடம்பெறும் என்பதை அறிவோம். ஆயினும், இவ்விழாவுக்கு முன்னோடியாகக் கூடிய பழைய மாணவர் கூட்டத்திலே நாம் கண்ட ஒரு காட்சி எம்மை வேறு திசையிற் செலுத்தியது. ஒரு மணி நேரம் கதிரையில் அமர இயலாது, நாரியைப் பிடித்தவண்ணம் எழுந்து நின்றவர்கள் பலர். அழைப்புக் கிடைத்தும் வாராதவர்கள் சிலர். வாராதவருள் ஒருவரை நாம் வீடு தேடிச் சென்று கண்டோம். அன்று அவர் திண்ணையிலிருந்து கேட்டவையே இக்கட்டுரைக்குக் காரணமாயின.

அவர் எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். துடுப்பாட்டத்திலே எல்லைக்கோடு வரை பந்தைத் துரத்தி விழுந்தெழும்ப அஞ்சாதவர். அரசாங்க சேவையில் நெடுங்காலம் இருந்து இளைப்பாறியவர். ஆறாண்டுகளுக்கு முன்னர் ஒரு காலை கிணற்றடியில் வாளியைத் தூக்கியபோது அவருக்கு நாரியிலே பிடித்தது. எண்ணெய் பூசினார், ஒற்றடம் கொடுத்தார், இரண்டு கிழமையில் மாறுமென்று எண்ணினார். மாறவில்லை. படம் எடுத்துப் பார்த்த வைத்தியர் ஒருவர், "முள்ளந்தண்டு தேய்ந்துவிட்டது, குனியாதேயும், பாரம் தூக்காதேயும்" என்று எச்சரித்தார். ஈராண்டுகள் கழித்து வேறொருவர் அதே படத்தைப் பார்த்து, "உமக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று கூறி அனுப்பினார். இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையிலே எம் நண்பரின் வாழ்வு சுருங்கிப் போயிற்று. துவிச்சக்கரவண்டியைக் கைவிட்டார், சந்தைக்குப் போவதைக் கைவிட்டார், பேரப்பிள்ளையைத் தூக்குவதையும் கைவிட்டார். இரவிலே நெஞ்சு படபடத்து வியர்த்து விழித்திருந்தார். பேருந்து குலுங்கினால் என்ன செய்வது என்ற அச்சத்தினாலேயே எம் கூட்டத்துக்கு வாராது நின்றார்.

அவர் தம் ஊர்மொழியிலே கூறியதை அவ்வாறே தருகின்றோம்: "நோ வந்தால் தாங்கலாம். வரப்போகுது, வரப்போகுது எண்டு காத்துக்கொண்டிருக்கிறதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு."

நாம் வைத்தியரல்லேம். ஆயினும், இத்துறையிலே கற்றறிந்தோர் எழுதியவற்றைச் சில காலமாகப் படித்தும், வைத்தியத் தொழில் புரியும் பழைய மாணவர் சிலரை உசாவியும் ஒரு முடிவுக்கு வந்துள்ளோம். நெடுநாள் நோவைக் குறித்து, 'இது உடலிலா, மனத்திலா?' என்று வினவுவதே பிழையான வினா. நெடுநாள் நோவும் பதகளிப்பும் பெரும்பாலும் இணைந்தே வாழ்வன, ஒன்றையொன்று வளர்ப்பன, ஆதலின், ஒருங்கே கவனிக்கப்பட வேண்டியன. ஒன்றை மாத்திரம் கண்டு மற்றதைக் காணாது விடும் வைத்தியமும், ஒன்றை மதித்து மற்றதை இகழும் வீடும், நோயாளியை இருமடங்கு துன்புறுத்துகின்றன.

எம் மொழி இவ்வுண்மையை என்றோ அறிந்து வைத்திருக்கிறது. 'கால் நோகிறது' என்கிறோம். 'மனம் நொந்தது' என்றும் கூறுகிறோம். வினை ஒன்றே. பண்டைத் தமிழிலே 'நோய்' என்னும் சொல் உடற்பிணிக்கும் உள்ளத்துத் துயருக்கும் பொதுவாக வழங்கியது. யாழ்ப்பாணத்தவராகிய நாமோ 'அவருக்கு வருத்தம்' என்று சொல்லி, உடல் நலமின்மையையும் துயரத்தையும் ஒரே சொல்லால் உணர்த்திவிடுகிறோம். பதகளிப்பு என்னும் சொல்லும் அத்தகையதே. நெஞ்சு படபடப்பதும், கை நடுங்குவதும், காரியம் ஓடாது உள்ளம் பதறுவதும் அவ்வொரு சொல்லுள் அடங்கும். எம் பாட்டிமார் வாய்ச்சொல்லாயிருந்த அதனையே இன்று உளமருத்துவரும் கலைச்சொல்லாகக் கையாளுகின்றனர்.

மேனாட்டு அறிஞர்கள் இவ்விடத்துக்கு வந்து சேர நெடுங்காலம் சென்றது. நோவு ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 1979ஆம் ஆண்டில் நோவுக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. 2020ஆம் ஆண்டில் அதனைத் திருத்தியமைத்தது. இரண்டிலும் நோவானது புலனுணர்ச்சி மாத்திரமன்று, உள்ளக்கிளர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்பதே கருத்து. உடலிற் சேதம் வெளிப்படாதவிடத்தும் நோவு உண்மையான நோவாகவே இருத்தல் கூடும் என்பதும் அதனாற் பெறப்படும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவையும், விட்டுவிட்டு மீண்டும் வரும் நோவையும் நெடுநாள் நோவு என்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப் பகுப்பு 2022ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தபோது, நெடுநாள் நோவுக்கு அதிலே தனியிடம் கிடைத்தது.

உள்ளத்தின் நிலை நோவை எவ்வளவு மாற்றும் என்பதற்குப் போர்க்களத்திலிருந்து ஒரு சான்று உண்டு. 1944ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் அன்சியோக் கடற்கரையிலே பெரும்போர் நிகழ்ந்தது. ஆங்கே பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் ஹென்றி பீச்சர், கடுங்காயமுற்ற போர்வீரருட் பெரும்பாலோர் நோவு நீக்கும் மருந்தை வேண்டாதிருந்ததைக் கண்டு வியந்தார். பின்னர் ஊரிலே சத்திரசிகிச்சை பெற்ற பொதுமக்களை அவர் ஆராய்ந்தபோது, அவர்களிற் பெரும்பாலோர் அம்மருந்தை வேண்டினர். போர்வீரனுக்குக் காயம் என்பது களத்தினின்றும் உயிருடன் மீளும் அனுமதிச்சீட்டு. குடும்பத்தானுக்கோ அது வருமானத்தையும் வருங்காலத்தையும் கலக்கும் இடி. புண்ணின் பருமனைப் பார்க்கிலும், அப்புண்ணுக்கு மனிதன் கொள்ளும் பொருளே நோவைப் பெரிதும் நிர்ணயித்தது என்பது பீச்சரின் முடிபு.

1965ஆம் ஆண்டில் கனடா தேசத்து உளவியலாளர் றொனால்ட் மெல்சாக்கும் ஆங்கில நரம்பியலறிஞர் பற்றிக் வோலும் இதற்கு ஒரு விளக்கம் கண்டனர். முண்ணாணிலே ஒரு படலை உண்டு போலும். உடலிலிருந்து வரும் செய்தி அப்படலை வழியாகவே மூளைக்குச் செல்லும். மூளையும் மேலிருந்து கட்டளையிட்டு அப்படலையைத் திறக்கவும் சாத்தவும் வல்லது என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கையின் நுணுக்கங்கள் சில பின்னர் திருத்தப்பட்டன. ஆயினும், மூளை நோவை வாளாவிருந்து ஏற்பதில்லை, அதனைக் கூட்டியும் குறைத்தும் ஆளுகிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. அச்சமும் கலக்கமும் அப்படலையை அகலத் திறப்பன. அமைதியும் நம்பிக்கையும் வேறொன்றில் ஈடுபடும் மனமும் அதனைச் சற்றே சாத்துவன.

இதனை வீட்டுக் காவல்நாயை வைத்து விளக்கலாம். கள்வன் ஒருமுறை வேலி பாய்ந்து வந்துவிட்டானாயின், அதன்பின் அந்நாய்க்கு உறக்கம் இல்லை. பனையிலிருந்து காவோலை விழுந்தாலும் குரைக்கும். பூனை நடந்தாலும் குரைக்கும். கள்வன் இல்லை, ஆனால் குரைப்பு உண்மையான குரைப்பே. நெடுநாள் நோவினருட் பலருக்கு நரம்புத்தொகுதி அவ்வாறு விழிப்பு மிகுந்து நிற்கிறது. முன்னைய காயம் ஆறிய பின்னும், சிறு தீண்டலையும் பேராபத்தாக அறிவிக்கிறது. 'கள்வன் இல்லையே, ஏன் நாய் குரைக்கிறது என்று பொய் சொல்கிறாய்?' என்று வீட்டுக்காரரைக் கேட்பது எத்துணைப் பேதைமையோ, அத்துணைப் பேதைமை, 'படத்திலே ஒன்றும் இல்லையே, ஏன் நோகிறது என்கிறாய்?' என்று கேட்பது.

படத்தைப் பற்றியும் ஒரு சொல். 2015ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று, நாரிநோவு சிறிதும் இல்லாதவர்களின் முள்ளந்தண்டுப் படங்களை நோக்கியது. இருபது வயதினருள் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதினருள் நூற்றுக்கு 96 பேருக்கும் முள்ளெலும்பிடை வட்டுகளிலே தேய்வு காணப்பட்டதாம். தலை நரைப்பது போல அதுவும் முதுமையின் வேலை. அத்தேய்வை மாத்திரம் காட்டி அச்சுறுத்துவது, நோயாளியின் காதிலே வாழ்நாள் முழுவதற்குமான ஒரு பயத்தை ஊதிவிடுவதாகும். எம் நண்பருக்கு நேர்ந்தது அதுவே.

அப்பயம் செய்யும் வேலையை விளாயன், லின்டன் என்னும் உளவியலாளர் இருவர் 2000ஆம் ஆண்டில் தெளிவுற வரைந்து காட்டினர். நோவு வருகிறது; அதனைப் பேராபத்து என்று மனம் கொள்கிறது; அசைந்தால் மேலும் கேடு வரும் என்று அஞ்சி மனிதன் அசையாதிருக்கிறான்; அசையாமையாலே தசைகள் மெலிகின்றன, மூட்டுகள் இறுகுகின்றன, உள்ளம் சோர்கிறது; அதனால் அடுத்த முறை சிறிது அசைந்தாலும் முன்னையிலும் அதிகம் நோகிறது; நோகவே, பயம் மெய்ப்பிக்கப்பட்டதென்று மனம் எண்ணுகிறது. செக்கிழுக்கும் மாடு போல அவன் அவ்வட்டத்தைச் சுற்றி வருகிறான். ஓய்வு மருந்தென்று எண்ணியதே நோய்க்கு உணவாகிவிடுகிறது.

பதகளிப்பு முதலில் வந்து நோவு பின்னர் வருதலும் உண்டு. ஓயாது கவலை கொள்பவனின் கழுத்தும் தோளும் தாடையும் தாமே இறுகியிருக்கும். அவன் உறக்கம் கெடும். உறக்கம் கெட்ட உடல் நோவை அதிகம் உணரும். உடலிலே எங்கு என்ன நேர்கிறது என்று அவன் மனம் காவல் நிற்கும். காவல் நிற்கும் மனத்துக்குச் சிறு குத்தும் பெருங்குத்தாகத் தோன்றும். 1983 முதல் 2009 வரை நீடித்த போரையும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட எம் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரினால் நொந்தோர் தம் உளத்துன்பத்தை உடலின் நோவாகவும் உளைவாகவும் வைத்தியரிடம் முறையிடுவதைத் தம் எழுத்துகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார். வாய் சொல்ல அஞ்சியதை உடல் சொல்லியது.

இஃது ஒருசிலரின் குறை என்று எவரும் எண்ணற்க. உலகிலே 2020ஆம் ஆண்டில் நாரிநோவுற்றோர் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் பேர் எனக் கணித்துள்ளனர். 2025ஆம் ஆண்டிலே ஐம்பது நாடுகளின் ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கியோர், நெடுநாள் நோவுடைய வயதுவந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேருக்கு, கவனிக்கப்பட வேண்டிய அளவிலே பதகளிப்பு இருக்கக் கண்டனர். சோர்வு நோயும் ஏறக்குறைய அவ்வளவே. ஐவருள் இருவர் என்றால், எம் வகுப்பறையின் ஒரு வாங்குக்கு இருவர்.

இங்கே இரு மறுப்புகள் எழக்கூடும். 'எம் முன்னோர் தோட்டத்திலே நாரி முறிய உழைத்தார்கள். அவர்களுக்குப் பதகளிப்பும் இல்லை, உளமருத்துவரும் இல்லை. தாங்கிக்கொண்டார்கள்' என்பர் ஒரு சாரார். தாங்கிக்கொண்டார்கள் என்பது எமக்கு எவ்வாறு தெரியும்? இரவிலே திண்ணையில் உறங்காதிருந்து சுருட்டுப் புகைத்த பெரியவரை எவரும் ஏனென்று கேட்டதில்லை. மாலைதோறும் கள்ளுக்கொட்டிலை நாடியவரைக் குடிகாரன் என்றோமேயன்றி, எதனை மறக்கக் குடிக்கிறார் என்று உசாவியதில்லை. கேளாமையாற் கேட்கப்படாத துன்பத்தை, இல்லாத துன்பம் என்று கணக்கெழுதிவிட்டோம்.

'நோவை மனத்தோடு தொடுப்பது நோயாளியைப் பொய்யன் என்பதற்கு ஒப்பாகும்' என்பர் மற்றொரு சாரார். இம்மறுப்பை நாம் மதிக்கின்றோம். ஏனெனில், அவ்வாறு இழிவுபடுத்தப்பட்டோர் பலர். ஆனால் குற்றம் மனத்தைப் பேசியதில் அன்று. மனத்தை ஒன்றுமில்லாத பொருளாக எண்ணியதிலேயே உள்ளது. வெட்கத்தால் முகம் சிவப்பதும், துயரத்தால் கண்ணீர் வடிவதும் பொய்யல்லவே. அச்சத்தால் நோவு பெருகுவதும் பொய்யன்று. 'எல்லாம் மனப்பிரமை' என்று கூறுதல் வேறு; 'உமது நோ உண்மை; அதனுடன் பயமும் சேர்ந்திருக்கிறது; இரண்டையும் பார்ப்போம்' என்று கூறுதல் வேறு. முன்னையது கதவை அடைக்கிறது. பின்னையது வழி திறக்கிறது.

வழி உண்டு என்பதற்கும் சான்றுகள் உள. அமெரிக்காவிலே நெடுநாள் நாரிநோவுற்ற 151 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோவை ஆபத்தின் அறிகுறி என்று அஞ்சாதிருக்கப் பழக்கும் உளப்பயிற்சியை ஒரு பிரிவினருக்கு நான்கு கிழமை அளித்தனர். முடிவிலே அவருள் நூற்றுக்கு 66 பேர் நோவு நீங்கியோ, நீங்கியதற்கு அணித்தாகவோ இருந்தனர். வெறும் உப்புநீர் ஊசி பெற்றவருள் நூற்றுக்கு 20 பேரும், வழக்கமான வைத்தியத்தைத் தொடர்ந்தவருள் நூற்றுக்கு 10 பேருமே அந்நிலை எய்தினர். ஓர் ஆய்வை வைத்து உலகத்தை அளக்கலாகாது. எல்லா நோவுக்கும் இது மருந்துமன்று. எனினும், படிப்படியாக அசைவைக் கூட்டும் உடற்பயிற்சி, எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் உளச்சிகிச்சை, ஒழுங்கான உறக்கம், மூச்சுப்பயிற்சி, வேண்டுமிடத்து வைத்தியர் தரும் குளிசை ஆகியவை ஒருங்கு சேரும்போது பலருக்கு ஆறுதல் கிடைக்கிறது. பதகளிப்புக்கும் நெடுநாள் நோவுக்கும் பொதுவாகப் பயன்படும் மருந்துகள் சிலவும் உள. அவை ஏனென்று அறியாது, 'எனக்கு விசர்க் குளிசை தந்துவிட்டார்கள்' என்று எறிந்துவிடுவோரை நாம் அறிவோம்.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். நோவெல்லாம் பயத்தினால் வந்ததென்று எவரும் தாமே தீர்மானித்துவிடலாகாது. காலிலே வலுக்குறைதல், சலமலம் அடக்கமின்மை, காரணமின்றி உடல் மெலிதல், விடாக்காய்ச்சல் ஆகியவை நோவுடன் கூடி வருமாயின், அன்றே வைத்தியரிடம் போதல் கடன். நெஞ்சு நோவும் அவ்வாறே. உடலை முதலில் முறையாகச் சோதித்தல் வேண்டும். சோதித்தபின் உள்ளத்தை விட்டுவிடாதிருத்தல் வேண்டும். எமது வாதம் இவ்வளவே.

உள்ளத்தைப் பேசத் தடையாய் நிற்பது வைத்தியசாலை அன்று, வெட்கமே. எம் மாணவப் பருவத்திலே 'அங்கொடை' என்னும் ஊர்ப்பெயர் ஒரு வசைச்சொல். அதனை நாமும் சொல்லிச் சிரித்தோம். சோதனைக்கு முன்னாள் ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுத ஒரு பையன் எம் வகுப்பில் இருந்தான். 'பொய் வயிற்றுக்குத்து' என்று அவனுக்குப் பட்டம் சூட்டினோம். அவன் வயிறு உண்மையிலேயே நொந்தது என்பதை இன்று அறிகிறோம். பயந்த பிள்ளைகளுக்கு அவ்வாறு நோவது எங்கும் காணப்படுவதே. அவனிடம் மன்னிப்புக் கேட்க இன்று அவன் இருக்குமிடம் தெரியாது. எம் கல்லூரியில் இன்று படிக்கும் பிள்ளைகளுள் அத்தகையோர் இருப்பர். அவர்களுக்கு ஆசிரியரும் தோழரும் பட்டம் சூட்டாது, பரிவோடு உசாவுவாராயின் இக்கட்டுரை பயனுடையதாகும்.

திருவள்ளுவர் மருந்தை நாற்கூறாக வகுத்தபோது, நோயாளி, வைத்தியன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து துணைசெய்வோனையும் ஒரு கூறாக எண்ணினார். அந்நான்காம் கூறு எம்முடையது. கொழும்பிலும் இலண்டனிலும் கனடாவிலும் கிளைகள் அமைத்துக் கட்டடத்துக்கும் விளையாட்டுக்கும் நிதி திரட்டும் பழைய மாணவர், கூட்டத்துக்கு வாராதவரின் வீட்டுக்கு ஒருமுறை சென்று வருவதையும் தம் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளலாகாதா? அதற்குப் பொருட்செலவும் இல்லை, தீர்மானமும் வேண்டியதில்லை.

எம் நண்பரின் செய்தியைக் கூறி முடிப்போம். பொறுமையுடைய இளம் வைத்தியர் ஒருவர் அவருக்குக் கிடைத்தார். முதலிலே படலை வரை நடக்கச் சொன்னார். அடுத்த கிழமை ஒழுங்கை முடிவு வரை. பின்னர் வாசிகசாலை வரை. பயத்தைப் பற்றிப் பேசுவதற்கு வேறொருவரிடமும் அனுப்பினார். முதல் நாள் அங்கே போகும்போது, எவரும் காணாதிருக்க நண்பர் குடையை விரித்துக்கொண்டு போனாராம். அன்று மழையும் இல்லை. இன்று குடையின்றிப் போகிறார். நோ மாறிவிட்டதா என்று கேட்டோம். மாறவில்லை, ஆயினும் அதனைப் பார்த்துக்கொண்டிருக்க இப்போது நேரமில்லை என்றார். பேரப்பிள்ளை மடியில் இருந்தது.

விழாவுக்கு வருவதாக வாக்களித்திருக்கிறார். நெடுநேரம் அமர இயலாதாம்; இடையிலே எழுந்து நிற்பாராம். அவர் எழுந்து நிற்கும்போது திரும்பிப் பார்த்து ஏனென்று கேளாதீர்கள் என்று அன்பர்களை வேண்டுகின்றோம். இயலுமாயின், நீங்களும் எழுந்து அவருக்கு அருகிலே சிறிது நேரம் நில்லுங்கள்.